பழனியாண்டி வயல் பெட்டி

சுதாஜினி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், உருத்திரபுரத்தில் இருக்கும் அவளுடைய தாய் இராசேஸ்வரி, "யானை வருதெண்டு சனத்துக்குச் சொல்லுற வேலை" என்பார். அது பாதி சரி. யானை வருவதைக் கண்டுபிடிப்பவை காட்டோரத்து வயல்களில் கம்பங்களில் பொருத்திப் பூட்டியிருக்கும் பெட்டிகள். மரக்கொப்பு முறிகிற சத்தமோ பிளிறலோ காதில் விழுந்தால் பெட்டி அதை எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் கிளவுட் சேர்வர் கணினிக்குச் சொல்லும். சேர்வர் அந்த வயற்காரரின் போனை அலற வைக்கும்.

இடையில் நடப்பதையெல்லாம் சேர்வர் வரி வரியாக எழுதிவைக்கும். எந்தப் பெட்டி பேசியது, என்ன சொன்னது, செய்தி யாருக்குப் போனது, போய்ச் சேர்ந்ததா. இந்த வரிகளுக்குத்தான் லொக் என்று பெயர். வவுனியாவில், மன்னார் வீதி இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில், லொக்குகளைச் சேமித்து வைப்பதும் பார்ப்பதும் சுதாஜினியின் பொறுப்பு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சேமிக்கலாம் என்று கிளவுட்காரர்களோடு ஓர் அளவு இருந்தது. அதற்குள் அடங்கும்படி வேண்டாததைக் கழித்து, வேண்டியதை வைத்திருப்பாள்.

பழனியாண்டியை அவள் நேரில் கண்டதில்லை. லொக்கில் மட்டும்தான் தெரியும். பெட்டிகளுக்கெல்லாம் வயற்காரரின் பெயரையே வைத்திருந்தார்கள். செட்டிகுளத்துக்கு அப்பால் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது 'பழனியாண்டி வயல்'. பெட்டியில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் 'பெட்டி நலம்' என்று வயற்காரரின் போனுக்கு ஒரு செய்தி போகும். கிழமைக்கு ஒருக்கால் அழுத்தினால் போதும் என்று, பெட்டிகளைப் பூட்டுகிற நிருஷன் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். பலர் அதையும் செய்வதில்லை. பழனியாண்டி மட்டும் நாள்தோறும் விடிந்ததும் அழுத்துவார். அழுத்துவதற்குச் சற்று முன், பெட்டிக்கு மின்சாரம் தருகிற சூரியத் தகட்டின் மின்னளவு கொஞ்சம் கூடும். இடுப்பில் கட்டிய சாரத்துத் தலைப்பால் தகட்டில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அவர் பொத்தானைத் தொடுவார் என்று நிருஷன் சொல்லியிருந்தான். காலையில் தேநீரோடு திரையைத் திறக்கும்போது அந்த இரண்டு வரிகளும் வந்திருக்கும். மனிசன் எழும்பிவிட்டார் என்று சுதாஜினி நினைத்துக்கொள்வாள்.

மார்கழியில் ஒரு பின்நேரம் யானை அவரை அடித்துக் கொன்றது. பெட்டி சரியாகத்தான் சொல்லியிருந்தது. சேர்வரும் அனுப்பியிருந்தது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அலறின போனைக் கையில் தூக்கிக்கொண்டு மனைவி சிவலட்சுமி வயலுக்கு ஓடியபோது எல்லாம் முடிந்துவிட்டது. யானை கம்பத்தையும் பிடுங்கி எறிந்திருந்தது. நசுங்கின பெட்டியை நிருஷன் கொண்டுவந்து ஒபிஸ் அலுமாரிக்குள் வைத்தான்.

நிறுவனத்தை நடத்துகிற செந்தூரன் அறிக்கை எழுதினான். 'எமது எச்சரிக்கைத் தொகுதி முறையாக இயங்கியது.' பொய்யில்லை. 'செய்தி போய்ச் சேர்ந்தது' என்ற வரியை லொக்கில் இருந்து எடுத்து அதற்குக் கீழே ஒட்டிக்கொடுத்தவள் சுதாஜினிதான். அந்த வரியைப் பிறகு எத்தனையோ தரம் வாசித்துப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய அடுத்த நாள் காலை, வழமைபோல் திரையைத் திறந்தாள்.

'பழனியாண்டி வயல். சோதனைப் பொத்தான் அழுத்தப்பட்டது. பெட்டி நலம். செய்தி போய்ச் சேர்ந்தது.'

எங்கோ சிக்கிக் கிடந்த பழைய வரி இப்போது வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். திகதியைப் பார்த்தாள். இன்றைய திகதி. அதற்கு மேல் வரியில், சூரியத் தகட்டின் மின்னளவு கொஞ்சம் கூடியிருந்தது.

"நிருஷன், பழனியாண்டி ஐயாவின்ர வயலுக்குப் புதுப்பெட்டி பூட்டினனீரோ?"

"இல்லையே. இன்னும் கம்பமே நடேல்ல. ஏன்?"

"அந்தப் பெட்டியின்ர திறப்பை வைச்சு ஆரோ பேசுறாங்கள்."

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இரகசியத் திறப்பு உண்டு. அது பூட்டுக்குப் போடுகிற இரும்புச் சாவி இல்லை, நீளமான ஓர் எழுத்துத் தொடர். அதைக் காட்டினால்தான் சேர்வர் கதவைத் திறந்து என்ன சொல்கிறாய் என்று கேட்கும். ஒரு பெட்டியின் திறப்பு இன்னொரு பெட்டியிடம் இருக்காது.

நிருஷன் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தான். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. வயற்சேறு அதில் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பற்றறியை அவனே கழற்றியிருந்தான்.

"சேர்வர் விசர்க்கதை கதைக்குது" என்று சொல்லிச் சிரித்தான்.

அடுத்த நாள் சுதாஜினி நேரத்தோடு வந்து, பெட்டியை எடுத்துத் தன் மேசையில், திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். யன்னலைத் திறந்துவிட்டாள். கீழே இரும்புக் கடையில் லொறியிலிருந்து கம்பி இறக்குகிற சத்தம். வெயில் மேசை வரைக்கும் வந்துவிட்டது. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைப் பொத்தான் இருந்த இடத்தில் ஓர் ஓட்டைதான் இருந்தது. சூரியத் தகடு நொறுங்கி வயலிலேயே போய்விட்டது.

திரையில் மின்னளவு கூடியது. சற்றுப் பொறுத்து அடுத்த வரி வந்தது. பொத்தான் அழுத்தப்பட்டது.

அவளுக்குப் பெட்டியைத் தொடப் பயமாக இருந்தது. நிருஷன் வந்ததும் அவனைக் கொண்டுதான் அதைத் திரும்ப உள்ளே வைப்பித்தாள். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தாள். பழைய செய்திகள் திரும்பி வருகின்றனவா? இல்லை, ஒவ்வொன்றுக்கும் புது இலக்கம். யாராவது திறப்பைத் திருடிவிட்டார்களா? திருடினாலும், அதை வைத்துக்கொண்டு விடியற்காலையில் பெட்டி நலம் என்று சொல்லி யாருக்கு என்ன இலாபம்? ஒருநாள் மட்டும் அந்த வரி வரவில்லை. பிடித்தது விட்டது என்று நிம்மதியாகச் சோறு சாப்பிட்டாள். மறுநாள் வந்துவிட்டது.

கடைசியில் செந்தூரனிடம் சொன்னாள். அவன் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"சுதாஜினி, அடுத்த கிழமை உதவி தாற ஆக்கள் பார்க்க வருகினம். செத்த மனிசன்ர பேர் வரைபடத்தில பச்சையா எரிஞ்சுகொண்டு நிண்டால் நான் என்ன விளக்கம் சொல்லுறது? அந்தத் திறப்பை மூடிவிடும்."

"ஏனெண்டு கண்டுபிடிக்காமலோ, அண்ணா?"

"கண்டுபிடிக்கலாம். முதல்ல மூடும்."

மூடினாள். ஒரு சொடுக்குத்தான். இயங்குகிற பெட்டிகளைக் காட்டும் வரைபடத்தில் அவருடைய பச்சைப் புள்ளி அணைந்தது.

மறுநாள் காலை ஒரு வரி வந்தது. 'பழனியாண்டி வயல். அனுமதி மறுக்கப்பட்டது.' திறப்புச் செல்லாத பெட்டி என்ன சொன்னாலும் சேர்வர் கேட்காது. வந்து தட்டியது, விடவில்லை என்று மட்டும் எழுதும். சுதாஜினி அதை எதிர்பார்த்திருந்தாள். ஓரிரண்டு நாளில் ஓய்ந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

ஓயவில்லை. மூன்றாம் நாள் காலையோடு அது நிற்காமல் மத்தியானமும் வந்தது. நாலாம் நாள் திரை முழுவதும் அதுதான். அனுமதி மறுக்கப்பட்டது. அனுமதி மறுக்கப்பட்டது. ஒன்றை வாசித்து முடிக்க முதல் அடுத்தது வந்தது. மற்றப் பெட்டிகளின் வரிகள் அதற்குள் மறைந்து போயின. பொழுது சாய முதலே அன்றைய சேமிப்பளவு நிரம்பிவிட்டது என்று கிளவுட்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு எந்தப் பெட்டியின் வரியையும் சேர்வர் எழுதவில்லை.

"அந்த வரியைச் சேமிக்காமல் கழிச்சுவிடும்" என்றான் செந்தூரன். "வாசல்லயே வடிச்சு ஊத்தினால் கண்ணில படாது."

அதுவும் செய்யக்கூடிய வேலைதான். கழிப்பதற்கான கட்டளையை எழுதிக்கொண்டிருந்தபோது ஒபிஸ் போன் அடித்தது. வயற்காரர் எவர் எடுத்தாலும் பெயர் காட்டும்படி அதை அமைத்திருந்தார்கள்.

'பழனியாண்டி' என்று காட்டியது.

சுதாஜினி எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. செந்தூரன் தன் அறையிலிருந்து, "ஆரெண்டு பாருமன்" என்று கத்தினான். அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ... யானைப் பெட்டி ஒபிசுங்களா?" பெண்குரல். "நான் சிவலட்சுமி பேசுறேன். பழனியாண்டி சம்சாரம். அவரு போனுக்குக் காலையில ஒரு மெசேஜ் வருமுங்களே, அது நாலு நாளா வரல. பெட்டி ஏதும் பழுதாப் போச்சுங்களா?"

"நாங்கள் நேரில வந்து பார்க்கிறம், அம்மா" என்று சொல்லிவிட்டுச் சுதாஜினி போனை வைத்தாள். கழிக்கிற கட்டளையை இயக்காமல் அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் புதுப்பெட்டி ஒன்றையும் கம்பத்தையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நிருஷனும் அவளும் போனார்கள். செட்டிகுளம் தாண்டிச் செம்மண் பாதையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் விளைந்த நெல். பல வயல்களில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பழனியாண்டியின் வயல் மட்டும் முற்றிச் சாய்ந்து, ஓரங்களில் பன்றி உழக்கிக் கிடந்தது.

சிவலட்சுமியின் வீடு வயலுக்கு முன்னால் இருந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டின, மெலிந்த மனுசி. எண்பத்து மூன்று கலவரத்தில் மலையகத்து அட்டன் பக்கமிருந்து பெற்றோர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த இடம் இது. பேச்சில் இன்னும் அந்தப் பக்கத்து வாடை இருந்தது. போனை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"வாங்க புள்ள. உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். "தம்பிய எனக்குத் தெரியும். பொட்டி பூட்ட வந்தவரு."

"அம்மா, ஐயா காலமான பிறகும் அந்த மெசேஜ் வந்ததோ?"

"காரியம் முடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு வந்துச்சு. மொதல்ல நீங்கதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன். பொட்டிய யானை ஒடச்சுப் போட்டது எனக்குத் தெரியாதா? வேற பொட்டி எங்கயோ வெச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்." சிவலட்சுமி வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒருநா காலையில வரல. என்னமோ வயலுக்குப் போவ மனசு வரல, வீட்டுலயே இருந்துட்டேன். நான் புல்லறுக்கிற மூலையில அன்னைக்குப் பூரா ஆனை நின்னுச்சாம். பக்கத்து வயக்காரவங்க பாத்திருக்காங்க. அதுலேர்ந்து மெசேஜ் வந்தாப் போவேன், வராட்டிப் போவ மாட்டேன்."

நிருஷன் சுதாஜினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லொக்கில் வரி வராத அந்த நாளை, தான் நிம்மதியாகச் சாப்பிட்ட அந்த நாளை, அவள் மறக்கவில்லை.

"அஞ்சு நாளாப் போவல. நெல்லு உதிருது. மக தனுஷா போன்ல ஏசுறா, மெசின்காரன வரச்சொல்லி வெட்டிப் போடும்மான்னு." சிவலட்சுமி பையைத் தடவினாள். "ஒண்ணு சொல்லுங்க புள்ள. நீங்க நிப்பாட்டுனதா, அவரு நிப்பாட்டுனதா?"

கேட்டதில் கோபமோ அழுகையோ இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"நாங்கள்தான் நிப்பாட்டினனாங்கள், அம்மா" என்றாள் சுதாஜினி.

சிவலட்சுமியின் முகம் தெளிந்தது. "அப்போ சரி" என்றாள். "நான் வேற என்னமோ நெனச்சிட்டேன்." எழுந்து தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள்.

நிருஷனுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. "நான் போய்க் கம்பம் நடுறன். புதுசு பூட்டினால் எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லி, பெட்டியையும் குழி தோண்டுகிற அலவாங்கையும் எடுத்துக்கொண்டு வரம்பால் நடந்தான். பட்டப்பகல். காற்றில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் வீரை மரங்கள் அசையாமல் நின்றன.

சுதாஜினி மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தாள். செந்தூரனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். திறப்பைத் திரும்பத் திறந்துவிட்டு லொக்கைப் பார்த்தாள். அனுமதி மறுக்கப்பட்டது, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நின்றன. ஒரு மூச்சு விடுகிற நேரம் திரை வெறுமையாக இருந்தது.

பிறகு வந்தது சோதனைப் பொத்தான் இல்லை.

'பழனியாண்டி வயல். யானை. மிக அருகில்.'

குசினிக்குள் சிவலட்சுமியின் கழுத்தில் போன் அலறியது. தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. அவள் வெளியே ஓடி வந்தாள். நடுவரம்பில் போய்க்கொண்டிருந்த நிருஷனைக் கண்டதும் வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"தம்பீ! வந்துருங்க! திரும்பி வந்துருங்க தம்பீ!"

நிருஷன் நின்றான். திரும்பிப் பார்த்துக் கையால் என்ன என்று கேட்டான். சுதாஜினியும் ஓடினாள். மடிக்கணினி கதிரையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. "யானை! நிருஷன், யானை!"

அவன் முன்னால் பார்த்தான். இருந்தது பற்றைச் செடிகளும் நிழலும்தான். இரண்டடி பின்னால் வைத்தான். அப்போது அந்த நிழல் காதை அசைத்தது. வீரை மரங்களுக்குள்ளே சுவர் போல் நின்ற ஒற்றை யானை. ஒரு சத்தமும் இல்லாமல் அது வெளியே வந்தது.

நிருஷன் கையிலிருந்ததையெல்லாம் போட்டுவிட்டு ஓடி வந்தான். வீட்டு முற்றத்தில் வந்து விழுந்த பிறகுதான் மூச்சு விட்டான். சிவலட்சுமி தகரத்தைத் தட்டினாள். பக்கத்து வயல்களிலிருந்து சனம் வெடி கொளுத்திக்கொண்டு ஓடி வந்தது. யானை அவசரப்படவில்லை. வரம்பில் கிடந்த புதுப்பெட்டியை மிதித்து நசித்தது. பழைய கம்பம் நின்ற குழிக்குக் கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போனது.

"அஞ்சாறு நாளா இந்த மூலையிலதான் திரியுது போல" என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். "உள்ளுக்கு யானை லத்தி குவிஞ்சு கிடக்குது."

சுதாஜினி முற்றத்து மண்ணிலேயே இருந்துவிட்டாள். இத்தனை நாளும் சேர்வரின் வாசலில் வந்து தட்டிக்கொண்டிருந்தது எதைச் சொல்ல வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் கேட்கவில்லை. அதை வாசலிலேயே வடித்து ஊற்ற அவள் கட்டளை வேறு எழுதியிருந்தாள்.

சிவலட்சுமி நிருஷனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவன் முதுகைத் தடவிவிட்டாள். "ஒண்ணுமில்ல தம்பி. அவரு பாத்துக்கிட்டாரு" என்றாள். அதைக் கேட்டபின்தான் அவன் அழத் தொடங்கினான்.

நடந்ததைச் செந்தூரனிடம் வந்து சொன்னார்கள். "பக்கத்துப் பெட்டி ஏதாவது பிடிச்சிருக்கும்" என்றான். அந்தப் பகல் பக்கத்துப் பெட்டிகளின் வரிகளைச் சுதாஜினி எடுத்துக் காட்டினாள். எதுவும் எதையும் கேட்கவில்லை. அவன் வாசித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினான். "திறப்பை மூட வேண்டாம்" என்றான். "வரைபடத்தில மட்டும் பேரை எடுத்துவிடும்." உதவி தருகிறவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காலை வரிகள் பழையபடி வந்தன. சுதாஜினி இப்போது தனியாக அவற்றைத் திறப்பதில்லை. யாராவது ஒருவர் வந்து லைட்டைப் போட்டு, கீழே கடை திறந்து சந்தடி தொடங்கிய பிறகுதான் பார்ப்பாள்.

வெட்டு நடக்கிற அன்று சிவலட்சுமி அவளை வரச்சொல்லியிருந்தாள். நிருஷன் வரவில்லை. அவள் பஸ்ஸில் போய் இறங்கினாள். மெசின் வயலை வெட்டி முடித்துவிட்டது. காட்டோரத்து மூலை மட்டும் வெட்டப்படாமல் நின்றது. அதற்குள் மெசினை இறக்க ஓட்டுநர் மறுத்துவிட்டாராம். சிவலட்சுமி அரிவாளை எடுத்துக்கொண்டு தனியே போய் அதை அரிந்துகொண்டிருந்தாள்.

சுதாஜினி வரம்பில் நடந்து கிட்டப் போனாள். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். சிவலட்சுமி குனிந்து அரிந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். போன் கழுத்துப் பையில் இருந்தது, அதில் பேசவில்லை. நெல் விலை இறங்கிவிட்டது, தனுஷாவுக்குப் பிள்ளைப்பேற்று மாதம் நெருங்கிவிட்டது, கொட்டிலுக்குக் கூரைக் கிடுகு மாற்ற வேண்டும் என்று வீட்டுக் கதை. ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவாள். பதிலைக் கேட்பது போலத் தலையைச் சாய்ப்பாள். பிறகு "ஆமா ஆமா" என்று அடுத்ததைத் தொடங்குவாள். ஒருமுறை நிமிர்ந்து, பக்கத்தில் யாரோ பகிடி சொன்னது போல வாய்விட்டுச் சிரித்தாள்.

அவளுக்குப் பக்கத்து நிரையில் நெல் அசைந்துகொண்டிருந்தது. காற்றாக இருக்கலாம்.

சுதாஜினி கூப்பிடவில்லை. வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பி, வீட்டு முற்றத்தில் போய் இருந்து, சிவலட்சுமி வேலை முடித்து வரும் வரைக்கும் காத்திருந்தாள்.